கேபினட்டுக்குள் இன்னொரு ஃபேன்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் திருச்சி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்களுக்கு வேலை கூடிவிடும். திருவெள்ளறையில் துறையூர் சாலையோர ஜெராக்ஸ் கடையாக இருந்தாலும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையின் கணக்கு அறையாக இருந்தாலும் புகார் ஒன்றுதான். காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மதியத்துக்கு மேல் திணறுகிறது, சில நாள் தானாகவே அணைந்துபோகிறது. "அண்ணே, இன்னொரு ஃபேன் போட்டுட்டா சரியாயிடுமா?" என்பது அடுத்த கேள்வி.

பல நேரம் சரியாகிவிடும். சில நேரம் எந்த மாற்றமும் தெரியாது. தப்பாகப் போட்டால் முன்பைவிட மோசமாவதும் உண்டு. இந்த மூன்றும் ஏன் நடக்கின்றன என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாக மனதில் வைத்துக்கொண்டால் போதும்: ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. அது காற்றை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

மே மாத மதியத்தில் அறைக்குள் 40 டிகிரி என்றால், சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட்ட உலர்ந்த வெப்பமானியும் 40 டிகிரியைத்தான் காட்டும். நமக்கு அங்கே இதமாக இருப்பதற்குக் காரணம் வியர்வை. ஓடும் காற்று வியர்வையை ஆவியாக்குகிறது, ஆவியாகும் நீர் உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டருக்கு வியர்ப்பதில்லை. ஆகவே எத்தனை ஃபேன் மாட்டினாலும் அதன் உள்ளிருக்கும் எந்த உறுப்பும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் போவதில்லை. ஃபேனால் முடிந்ததெல்லாம் பெட்டிக்குள் தேங்கிய சூட்டை வெளியேற்றி, உள்காற்றின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலைக்கு அருகில் கொண்டுவருவதுதான்.

உண்மையான குளிர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் திருவெள்ளறையிலேயே ஓர் இடம் இருக்கிறது. புண்டரீகாட்சப் பெருமாள் கோவிலுக்கு அருகே இருக்கும் ஸ்வஸ்திக வடிவக் கிணறு. ஊரார் ஸ்வஸ்திக் குளம் என்பார்கள். கல்வெட்டு அதை மாற்பிடுகு பெருங்கிணறு என்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்தவர் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன். சுமார் 1,200 ஆண்டுக்கு முந்தைய வேலை. நான்கு பக்கமும் மடங்கி இறங்கும் படிகள், ஒரு துறையில் குளிப்பவர் மறு துறையில் இருப்பவர் கண்ணில் படாத அமைப்பு. வெயில் நேரத்தில் படியிறங்கினால் மேலே இருந்த அனல் குறைவதை உடம்பே சொல்லும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை மே மாதத்துக்கும் மார்கழிக்கும் அதிகம் மாறாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக்கு அருகிலேயே நிற்கும். மதிய வெயிலின் காற்றைவிட அது பல டிகிரி குறைவு. அதோடு கல் சுவரின் நிழல், நீர் ஆவியாதல். வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே குளிர்ந்த ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள இருப்பது அந்தக் கடைக்குள் சுற்றும் காற்று மட்டுமே. இந்த எல்லையை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது? பிராசசருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு நொடியும் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. வடிவது வெப்பமாகிறது. இது போக, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் கசியும். சிப்பு சூடாக ஆகக் கசிவும் கூடும், கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம், திரைக்கும் ஒலிக்கும் போகிற சிறு பங்கு நீங்கலாக, அப்படியே வெப்பமாக வெளியே வருகிறது. பெட்டி 100 வாட் இழுத்தால் அறைக்குள் 100 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்றே கணக்கு.

1971-இல் வந்த இன்டெல் 4004-இல் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். அதற்கு ஃபேனும் கிடையாது, சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் தகடுகளும் கிடையாது. 2004-இல் பென்டியம் 4 வரிசையின் வேகமான பிராசசர்கள் 115 வாட்டைத் தொட்டுவிட்டன. அதே பாதையில் அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற பிராசசரை இன்டெல் அந்த ஆண்டு மே மாதமே கைவிட்டது. வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் காலம் அத்தோடு முடிந்தது. ஒரே சிப்பில் பல கோர்கள் என்ற வழி பிறந்தது. ஆனாலும் சூடு விட்டபாடில்லை. 2022-இல் வந்த கோர் ஐ9-13900கே முழுவேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். நம் கடைகளிலும் வீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் 65 வாட் வகை. அதை வைத்தே பார்ப்போம்.

பிராசசரின் வெப்பநிலை மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை. முதலாவது அறையின் வெப்பநிலை. அடுத்தது, பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையைவிட எவ்வளவு சூடு என்பது. கடைசியாக, பிராசசர் தன்னைச் சுற்றிய காற்றைவிட எவ்வளவு சூடு என்பது. இதை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க்கும் அதன் ஃபேனும் தீர்மானிக்கின்றன. சுமாரான ஹீட் சிங்க் ஒன்று வாட்டுக்கு அரை டிகிரி ஏற விடுகிறது என்று வைத்துக்கொண்டால் 65 வாட்டுக்கு 32 டிகிரி. அறை 40, பெட்டிக்குள் ஏற்றம் 9, ஹீட் சிங்க் 32, மொத்தம் 81. இது தாங்கும். இதே கம்ப்யூட்டர் மார்கழியில் 25 டிகிரி அறையில் 66-இல் நிற்கும். இன்றைய பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது அணைந்துவிடும். காலையில் ஓடி மதியம் திணறுவதன் மர்மம் இவ்வளவுதான். அறை ஏறிய டிகிரிகள் அப்படியே பிராசசரிலும் ஏறுகின்றன.

கூடுதல் கேபினட் ஃபேன் இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டுமே குறைக்கும். அந்த 9 டிகிரியை 4 ஆக்கலாம். ஹீட் சிங்க்கில் தூசி அடைத்து, வாட்டுக்கு அரை டிகிரி என்பது 0.8 ஆகிவிட்டால் 32 என்பது 52 ஆகும். மொத்தம் 101. அந்த நிலையில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் பயன் மிகக் குறைவு. எனவே பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, அரை மணி நேரம் வழக்கமான வேலையைக் கொடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையை மறுபடி கொடுங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குள் காற்று தேங்குகிறது, ஃபேன் உதவும். இறங்கவே இல்லை என்றால் கோளாறு ஹீட் சிங்க்கில். தூசியைத் துடைத்து, பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும்? இதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 1,005 ஜூல் வேண்டும். 40 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிலோ. 100 வாட் கம்ப்யூட்டரின் உள்காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் நொடிக்கு 9 லிட்டர் காற்று அதன் வழியே போய்வர வேண்டும். ஃபேன் அட்டையில் எழுதியிருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் அது 19. கிராபிக்ஸ் கார்டு போட்ட 250 வாட் பெட்டிக்கு நொடிக்கு 22 லிட்டர், அதாவது 47 சி.எஃப்.எம். அட்டையில் 50 என்று போட்டிருக்கும் ஃபேன் எதிரே எந்தத் தடையும் இல்லாத இடத்தில்தான் 50 தள்ளும். முன்பக்க வலை, வயர்க் கூட்டம், தகடு எல்லாவற்றையும் தாண்டும்போது பாதி கிடைத்தாலே நல்லது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 100 வாட் பெட்டியில் ஒரு ஃபேன் உண்மையில் நொடிக்கு 10 லிட்டர் தள்ளினால் உள்சூடு அறையைவிட 8.8 டிகிரி அதிகம். இரண்டு ஃபேனால் 20 லிட்டர் ஆனால் 4.4. மூன்றால் 2.9. நான்கால் 2.2. இரண்டாவது ஃபேன் 4 டிகிரிக்கு மேல் மிச்சப்படுத்துகிறது, நான்காவது ஒரு டிகிரி கூட மிச்சப்படுத்துவதில்லை. வண்ண விளக்கோடு ஆறு ஃபேன் போட்ட பெட்டியைப் பார்த்து மயங்கும் இளைஞர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சாதாரண வேலைக்கான கம்ப்யூட்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதற்கு மேல் தேவையில்லை.

காற்று இவ்வளவு லிட்டர் கணக்கில் தேவைப்படுவதற்குக் காரணம் அது வெப்பத்தைச் சுமப்பதில் மிகவும் பலவீனமானது என்பதே. அதே 250 வாட்டை அதே 10 டிகிரி ஏற்றத்தில் தண்ணீரால் எடுத்துப்போக நொடிக்கு 6 மில்லி லிட்டர் போதும், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் 3,600 மடங்குக்கு மேல் சுமக்கிறது. திருச்சி என்ஐடியில் 2022 மே 25 அன்று தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின்கீழ் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 838 டெராஃப்ளாப் வேகம் கொண்டது. அதன் பிராசசர்களை ஃபேன் காற்றை மட்டும் நம்பி விடவில்லை. வெப்பம் பிறக்கும் இடத்தைத் தொட்டபடியே திரவம் ஓடி வெப்பத்தை எடுத்துச்செல்லும் ஏற்பாடு அது. துவாக்குடிப் பக்கம் அது ஓடுகிறது. அதே மாவட்டத்தில் துறையூர் சாலைக் கடையில் இருப்பது 300 ரூபாய் ஃபேன். இரண்டும் ஒரே வெப்பக் கணக்குக்குத்தான் விடை தேடுகின்றன.

சூடான காற்று தானாக மேலே போகும், ஆகவே மேலே ஓர் ஓட்டை இருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். மேலே போவது உண்மைதான். ஆனால் எவ்வளவு விசையோடு என்று பார்க்க வேண்டும். ஒரு முழ உயரத்துப் பெட்டியில், 10 டிகிரி வித்தியாசத்தில், அந்த ஏற்றம் தரும் அழுத்தம் சுமார் 0.16 பாஸ்கல். சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் தடையை எதிர்த்துத் தரக்கூடிய அழுத்தம் 10 பாஸ்கலுக்கு மேல். பெட்டிக்குள் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஃபேன்தான் தீர்மானிக்கிறது. சூட்டின் இயல்பை எதிர்த்து மேலிருந்து கீழே ஊதினாலும் காற்று கீழேதான் போகும்.

ஆக, முக்கியம் வழி. திருவெள்ளறையிலும் ஸ்ரீரங்கத்திலும் பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறக் கதவு நேராகத் தெரியும். இரண்டையும் திறந்துவைத்தால் ரேழி, கூடம், அடுக்களை என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு காற்று ஓடும். வாசலை மட்டும் திறந்தால் திண்ணையோடு நின்றுவிடும். கேபினட்டுக்கும் அப்படி ஒரு வாசலும் கொல்லையும் வேண்டும். முன்பக்கம் கீழே நுழைந்து, ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, பிராசசர் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு, பின்பக்கம் மேலே வெளியேறும் வழி. பக்கத்துப் பக்கத்தில் ஒரு ஃபேன் உள்ளே இழுத்து மறு ஃபேன் வெளியே தள்ளினால் நுழைந்த காற்று உடனே வெளியேறிவிடும், பிராசசர் பக்கமே வராது. ஃபேன் போட்டும் பலனில்லை என்பவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இதுவோ, இல்லையென்றால் திசை மாறி மாட்டிய ஃபேனோதான் இருக்கும்.

புதிய ஃபேன் எங்கே? மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மேலே இருக்கும் சாதாரண கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஏற்கெனவே காற்றை வெளியே தள்ளுகிறது. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு வடிவத்தைக் கொண்டுவந்தபோது அந்த ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசசர்மேல் ஊதும்படிதான் யோசித்திருந்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டையும் சுமந்து வரும் காற்று பிராசசருக்கு உதவாது என்று பிறகு திசை திருப்பப்பட்டது. பின்பக்கத்தில் கேபினட்டோடு வந்த ஃபேன் ஒன்று இருந்தால் அதுவும் வெளியே தள்ளும். வெளியேற ஏற்கெனவே இரண்டு வழி, நுழைய வெறும் இடுக்குகள். எனவே கூடுதல் ஃபேன் முன்பக்கம், உள்ளே இழுக்கும் திசையில். பின்பக்கம் காலியாக இருக்கும் பழைய கேபினட்டானால் முதலில் பின்பக்கத்தை நிரப்புங்கள்.

மாட்டுவது கால் மணி நேர வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மீதி மின்னேற்றத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம், அதன் கெப்பாசிட்டர்கள் ஆபத்தான மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

அளவை முதலில் பார்க்க வேண்டும். முன்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே தகட்டில் நான்கு திருகு துளைகள் தெரியும். துளை மையத்திலிருந்து அடுத்த துளை மையம் வரை 105 மில்லிமீட்டர் என்றால் 120 ஃபேன். 71.5 என்றால் 80 ஃபேன். இடம் இருந்தால் எப்போதும் பெரியதே நல்லது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் மின்செலவு எட்டில் ஒன்றாகவும் இரைச்சல் சுமார் 15 டெசிபலும் குறையும். நிதானமாகச் சுற்றும் பெரிய ஃபேன், கத்திக்கொண்டு சுற்றும் சின்ன ஃபேனைவிட எல்லாவகையிலும் மேல்.

ஃபேனைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இறக்கைகள் வெறுமையாகத் தெரியும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் மூன்று நான்கு பிளாஸ்டிக் கால்கள் குறுக்கே ஓடும். காற்று கால்கள் இருக்கும் பக்கம் வழியாக வெளிவரும். சில ஃபேன்களின் விளிம்பில் சிறிய அம்புக்குறிகளும் இருக்கும். முன்பக்க ஃபேனில் கால்கள் பெட்டியின் உட்புறம் பார்க்க வேண்டும். ஃபேனோடு வரும் தடித்த திருகை பிளாஸ்டிக்கில் அளவாக இறுக்குங்கள். வெறி கொண்டு முறுக்கினால் துளை உடையும், தளர்வாக விட்டால் தகடு அதிரும்.

வயர் முனையில் மூன்று அல்லது நான்கு பின் இருக்கும். மூன்றில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்வது. நான்காவது இருந்தால் அது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. மதர்போர்டில் சிஸ் ஃபேன் அல்லது சேஸிஸ் ஃபேன் என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள். சிபியு ஃபேன் என்று எழுதியது பிராசசருக்கு உரியது, அதைத் தொடாதீர்கள். மூன்று பின் ஃபேன் நான்கு பின் இடத்திலும் உட்காரும். பொதுவாக அந்த இணைப்பு ஓர் ஆம்பியர் வரை தாங்கும். கேபினட் ஃபேன் 0.1 முதல் 0.3 ஆம்பியர்தான் இழுக்கும். வயர்கள் இறக்கையில் உரசாதபடி ஓரமாகக் கட்டிவிட்டு, எல்லாம் முடிந்ததும் ஓர் ஊதுபத்தியை முன்பக்கம் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பின்பக்கம் பிடித்தால் வெளிப்பக்கம் தள்ளப்பட வேண்டும்.

இனி தூசி. எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய எதிரி. அறுவடைக் காலத்துச் சோளத் தட்டைத் தூசி, ஆலைப் பக்கத்து உமித் தூசி, செம்மண், வீட்டுச் சாம்பிராணிப் புகையின் பிசுக்கு, இவை எல்லாம் சேர்ந்து ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு மேல், ஃபேனுக்கு நேர் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு படலமாகப் படியும். ஃபேனைக் கழற்றினால் அதை விரலால் துணி உரிப்பதுபோல் முழுசாக உரித்தெடுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுற்றுவது தெரியும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும். காற்று மட்டும் தகடுகளைத் தொடாது.

வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகமாகி, உள்ளே இழுப்பவை குறைந்தால் பெட்டிக்குள் அழுத்தம் அறையைவிடக் கொஞ்சம் இறங்கும். உடனே டிவிடி டிரைவ் இடுக்கு, யுஎஸ்பி ஓட்டை, மூடாத ஸ்லாட் என்று கிடைத்த வழியெல்லாம் காற்று தூசியோடு புகும். உள்ளே இழுப்பது சற்று அதிகமாக இருந்தால் அந்த இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும். நுழைவது முன்பக்க ஃபேன் வழியாக மட்டும், அங்கே ஒரு வலை வைத்துவிட்டால் பெரும்பகுதி தூசி வாசலிலேயே நிற்கும். கூடுதல் ஃபேனை முன்பக்கம் மாட்டச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். வலையை மாதம் இருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்த வலை, வலை இல்லாததைவிட மோசம். பின்பக்க ஸ்லாட் தகடுகளைத் தொலைத்துவிட்டு ஓட்டையாக விடாதீர்கள், எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் குடியேறுகின்றன. ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

சூட்டைக் குறைப்பதால் என்ன லாபம்? ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், மிக அதிக வெப்பம் தவிர மற்ற நிலைகளில் சூடு கூடுவதால் பழுது கூடுவதாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனால் மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் கதை வேறு. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் நம்பும் கணக்கு. கம்ப்யூட்டரை ஏழெட்டு ஆண்டு வைத்து ஓட்டும் குடும்பத்துக்கும் சிறு கடைக்கும் இது பெரிய விஷயம்.

ஃபேன் வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பு எல்லார் வீட்டிலும் வாங்கிய கம்ப்யூட்டர் மேஜையில் சிபியு வைக்க ஒரு மூடிய அறை இருக்கும், பின்னால் பலகை அடித்திருக்கும். அதற்குள் தள்ளிய பெட்டி தான் வெளியே விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொள்கிறது. பலகையைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை வெளியே எடுங்கள். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். யுபிஎஸ்ஸை முன்பக்கம் ஒட்டி வைக்காதீர்கள். ஓடும்போது மேலே துணி உறை போடாதீர்கள்.

அரசுப் பள்ளிகளிலும் சிறு கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வரிசையாக அடுக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு மதியம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் முன்னால் இழுத்து, மூடியைத் திறந்து தூசி தட்டி, முன்பக்க ஃபேன் இல்லாதவற்றுக்கு ஒன்று மாட்டிவிடுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இயற்பியல் பாடம் ஒன்றும் அதோடு முடிந்துவிடும்.